கேமரா பிடிப்பவள்

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உலான்பாதரின் புகை
ஜன்னலில் நின்று உள்ளே பார்க்கிறது.

மேசையில் தாஷ்செவெக்.
நிலக்கரி மூட்டை சுமப்பவர்.
தொப்புளுக்கு மேலே
இருமினால் எட்டிப் பார்க்கும் ஒரு முஷ்டி,
ஏழு குளிர்காலமாய்
இடுப்புத் துணியால் இறுக்கி
வேலைக்குக் கூட்டிப்போனது.

என் வேலை சின்னது.
வெட்டுவதில்லை, தைப்பதில்லை.
அடிவானம் சாயாமல் பிடித்திருப்பது.

இடது விலாவுக்குக் கீழே
விரல்நுனி அகலத்தில் ஒரு துளை,
அதனினும் சிறிதாய் இரண்டு.
வாயு ஏறுகிறது.
படுத்துக்கிடந்த வயிறு
மெல்ல எழுந்து நிற்கிறது,
நாலு பேர் சேர்ந்து கூடாரம் தூக்கியதுபோல.

உள்ளே போனதும் கண்ணாடியில் மூடுபனி.
"வெந்நீர்" என்கிறார் டாக்டர் செரன்பில்.
முக்கித் துடைத்து மறுபடி நுழைகிறேன்.

இப்போது கூரை தெரிகிறது.
ஒரு மனிதனின் கூரையை
அடியிலிருந்து பார்த்தவர் எத்தனை பேர்?
ஈரம் மின்னும் வெளிர்சிவப்பு,
நடுவே
கேர் கூடாரத்தின் உச்சிவட்டமாய் ஓர் ஓட்டை.
புகை போகிற இடத்தில்
மஞ்சள் கொழுப்புத் திரை
ஏறி அடைத்துக்கொண்டிருக்கிறது.

அவர் பிடுங்குவதில்லை.
ஒட்டியதை இழை இழையாய் விடுவித்து
வா, வா என்று
பிடிவாதக் குட்டியை மந்தைக்குத் திருப்புவதுபோல
திருப்புகிறார்.

ஓட்டையின் உதடுகளைத் தைத்து நெருக்கியபின்
சுருட்டிய வலை குழாய்வழி இறங்குகிறது.
விரியமாட்டேன் என்கிறது ஒரு மூலை.
பிறகு விரிகிறது.
சுற்றிலும் ஆணி. டக். டக்.
"இடது. இன்னும். நொமின், தூங்கிட்டியா?"

தூங்கவில்லை.
என் மூச்சு திரையில்
நிலநடுக்கமாய்த் தெரிகிறது.
அதை அடக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவர் கேட்ட முதல் கேள்வி:
"எத்தனை மூட்டை?"
ஆறு வாரத்துக்கு ஒன்றுகூடக் கூடாது.
விரல் மடக்கினார். ஜனவரி முழுக்க,
பிப்ரவரியில் பாதி.
ஊரே அடுப்புக்குக் கரி வாங்கும் நாட்கள்.
மடக்கிய விரல்களை
வெகுநேரம் நிமிர்த்தவில்லை.

பிறகு,
"வயிற்றைத்தானே தொட்டீர்கள்,
தோள் ஏன் வலிக்கிறது?"

மிச்ச வாயு மேலே தங்கியிருக்கும்,
ரெண்டு நாளில் போய்விடும் என்றேன்.
"கூரையைத் தைத்துவிட்டு
புகையை உள்ளே வைத்துவிட்டீர்கள்" என்று
சிரிக்கப் பார்த்தவர்
வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கும் தோள்தான்.
வலது.
சொல்லவில்லை.