பூச்சியத்துக்கு முன்னால்

தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
கோட்டையூரில் இடித்த வீடோ,
காணாடுகாத்தானில் பங்காளி வழக்கில் பிரித்த வளவோ,
இறக்கிப் போட்ட பர்மாத் தேக்கில்
விரல் கணுவால் இரண்டு தட்டு.
இது வைரம். இது கரையான் தின்ற கூடு.
கோவிலூர் சாலை டிப்போவில் இருபத்தாறு வருஷம்
என் வாய்ச்சொல்லுக்கு மேல் அப்பீல் இல்லை.

அந்தப் பழக்கம்தான்
சபைக் கமிட்டியிலும் கூட வந்திருக்க வேண்டும்.

அறுப்புப் பண்டிகை ஏலக் கணக்கில்
பதினோராயிரத்து நானூறு குறைந்தது.
பொக்கிஷதாரர் எலியேசர்,
மின்வாரியத்தில் ரீடிங் எடுப்பவர்,
பையைத் தலைகீழாகக் கொட்டினார் மேசையில்.
ரசீதுகள், மூக்குக்கண்ணாடிக் கூடு,
பூசணிக்காய் ஏலம் எடுத்தவரின் கடன் சீட்டு.
"எங்கே போச்சுன்னு தெரியலை" என்றார்.
மூன்று தரம் சொன்னார்.
மூன்றாம் தரம் உள்ளே கூடாக ஒலித்தது எனக்கு.
ஜெபித்துவிட்டு அடுத்த வாரம் பேசலாமே
என்று போதகர் இழுத்தார்.
நான் கையைத் தூக்கினேன்.
முதல் கை.
பிறகு மற்றவர்களுக்குச் சுலபமாயிற்று.

மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை
குட்டியானை வண்டிக்கு வெளியே பாதி நீட்டிய
ஒற்றை உத்திரத்தோடு
டிப்போ வாசலில் வந்து நின்றார் எலியேசர்.
வீடு கட்டினால் போடலாமென்று
ஒன்பது வருஷம் தார்ப்பாய்க்குள் வைத்திருந்த மரமாம்.
"விலை போட்டுக் குடுங்க.
சபைக்குக் கட்டிடணும்."
எடுத்தேன் என்றும் சொல்லவில்லை,
எடுக்கவில்லை என்றும்.

இப்போது டேப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்களிடம் இரண்டு டேப்.
விற்பதற்கு ஒன்று.
வாங்குவதற்கு ஒன்று; அதன் நுனியில்,
பூச்சியத்துக்கு முன்னால்,
எண் எழுதாத மூன்று அங்குலத் தகடு ஒட்டியிருக்கும்.
முதலாளி சொன்னார் என்று சொல்லலாம்.
தகடு வெட்டியதும் ரிவெட் அடித்ததும் என் கை.
புருஷன் போனபின் பெண்கள் விற்ற தூண்கள்,
வட்டிக்குப் பயந்து விற்ற நிலைக்கதவுகள்,
எல்லாவற்றிலும் மூன்று அங்குலம்
எங்கே போச்சுன்னு தெரியாமல்
போய்க்கொண்டிருந்தது.
எங்கள் தொழிலில் அதற்குக் 'கழிவு' என்று பெயர்.
வேறு பெயர் இருப்பதாக
எனக்குத் தோன்றியதே இல்லை.

எலியேசர் நுனியைப் பிடித்துக்கொண்டார்.
பெருவிரல் சரியாக அந்த ஒட்டின் மேல்.
வாழ்நாளெல்லாம் எண் பார்த்த கண்.
"நீங்க சொன்னா சரிதான்" என்றார்.

பதினேழே முக்கால் என்றது டேப்.
வாயில் வரவில்லை.
குனிந்து மரத்தூளில் விரலால் எழுதினேன்.
அழித்தேன். எழுதினேன்.
குனிந்து தரையில் எழுதியவரை
ஞாயிறு பள்ளி நாளிலிருந்தே தெரியும்.
அந்தக் கதையில் என் இடம் அது இல்லை.
சுற்றி நின்றவர்களில்
மூத்தவன் முதலில் போனான் என்பார்கள்.
நான் போகக்கூட இல்லை.

"பதினெட்டு."

கல்லாவில் முதலாளி நிமிர்ந்தார்.
எலியேசர் நுனியை விட்டார்.
சர்ரென்று ஓடிவந்து
என் கட்டைவிரலைக் கிழித்தது தகடு.
"ரத்தம் வருதே" என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.

ஒட்டைப் பார்த்தாரா, தெரியாது.
பணத்தை எடுத்தாரா, அதுவும் தெரியாது.
ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் இருந்தார்.
பாத்திரம் என்னிடம் வந்தபோது
இரண்டு கையாலும் பிடித்தேன்,
கனமாக இருந்ததால் அல்ல.

மறுநாள் பள்ளத்தூரிலிருந்து ஒரு லோடு.
கூடவே மஞ்சள் பையோடு ஓர் அம்மாள்.
முதலாளி டேப்பை நீட்டினார்,
எந்த டேப் என்று சொல்லாமல்.
வாங்கினேன்.
கட்டைவிரலில் பிளாஸ்திரி.
ஒட்டு எங்கே தொடங்குகிறதென்று
தடவிப் பார்த்தால் தெரியவில்லை.