கூப்பிடு தூரம்

போட்ஸ்ஃபியூரிலிருந்து பெர்லவோக்
நேர்கோட்டில் முப்பத்தொன்பது கிலோமீட்டர்.
வரைபடத்தில் கூப்பிடு தூரம்.
சாலையில் தொண்ணூறுக்கு மேல்;
பனிக்காலத்தில் அதுவும் நம் இஷ்டத்துக்கு இல்லை,
பனி வாரும் வண்டி முன்னே போக
அதன் பின்விளக்கை விடாமல்
வரிசையாக ஊர்ந்தாக வேண்டும்.
விமானத்தில் பதினான்கு நிமிடம்.
காற்று எதிர்த்தால் பதினேழு.

காபி தர நேரமில்லை.
பெல்ட் விளக்கு அணைவதே இல்லை.
ஏறும்போது ஆளுக்கொரு மிட்டாய்,
பிறகு என் மடக்கு இருக்கையில் அமர்ந்து
பன்னிரண்டு பேரின் முழங்கால்களைப் பார்ப்பேன்.
வேலை அவ்வளவுதான்.

ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமைகளில்
எஸ்கில் வருவான். எட்டு வயது.
கழுத்தில் பிளாஸ்டிக் உறை, உள்ளே படிவம்.
அம்மா தூர்டிஸ் கையெழுத்திட்டுக் கொடுப்பாள்,
நான் கையெழுத்திட்டு வாங்குவேன்.
அங்கே நான் கையெழுத்திட்டுக் கொடுக்க
அப்பா ஹோவார் கையெழுத்திட்டு வாங்குவார்.
நண்டுப் பெட்டிக்கும் இதே முறைதான்,
ஒரு கையெழுத்து குறைவு.

நடுவில் அந்தப் பதினான்கு நிமிடம்
காகிதத்தின்படி அவன் என்னுடையவன்.
எனக்குப் பிள்ளை இல்லை என்பதை
இங்கே எழுத வேண்டியதில்லை.
எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டே
ஒருமுறை சொன்னான்:
"ரெண்டு ஊர் வெளிச்சமும் சேர்ந்து தெரியற
இடம் ஒண்ணு இருக்கு.
அங்க வந்ததும் எண்ண ஆரம்பிப்பேன்.
அஞ்சுதான். ஆறுக்குள்ள ஒண்ணு போயிடும்."
எது முதலில் போகும் என்று
நான் கேட்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு வெள்ளி.
பெர்லவோக் ஓடுபாதைக்குக் குறுக்கே காற்று.
ஒருமுறை தாழ்ந்தோம், ஏறினோம்.
மறுமுறை இன்னும் தாழ்ந்தோம்,
நிலைய வாசலில் ஒரு மனிதன்
தொப்பியைத் தலையோடு அழுத்திப் பிடித்தபடி
அண்ணாந்து பார்ப்பது தெரியும் அளவுக்கு.
பிறகு வெண்மை. எஞ்சினின் அலறல்.
கேப்டன் இரண்டே சொல் சொன்னார்:
"வாட்சோவுக்குப் போகிறோம்."

எஸ்கில் கையை உயர்த்தினான்,
வகுப்பில் சந்தேகம் கேட்பவனைப் போல.
"இன்னிக்கு ராத்திரி யார் கணக்கு?"

கையேடு எனக்கு மனப்பாடம்.
தீ, புகை, வாந்தி, பிரசவம்
எல்லாவற்றுக்கும் பக்க எண் உண்டு.
பெல்ட்டை அவிழ்த்தேன். அவிழ்க்கக் கூடாது.
குலுங்கும் நடைவழியில் தட்டுத் தடுமாறிப் போய்
அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
மிட்டாய் தீர்ந்திருந்தது.

வாட்சோவில் ஓட்டல் சாப்பாட்டுக்கூடம்.
இரண்டு பேரையும் ஒரே அழைப்பில் பிடித்து
போனை மேசை நடுவே வைத்தேன்,
உப்புக் குப்பிமேல் சாய்த்து.
"சாப்பிட்டானா?" என்றாள் தூர்டிஸ்.
அதே நொடியில்
"சாப்பிட்டானா?" என்றார் ஹோவார்.
இரண்டு கேள்வியும் மோதி
ஒரே இரைச்சலாய் வந்தது.

பிறகு இருவரும் பேசவில்லை.
துண்டிக்கவும் இல்லை.
அந்தப் பக்கம் ஒரு நாய்,
இந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் இயந்திரம்.

எஸ்கில் மீன் உருண்டையை மென்றபடி
மேசைக்கடியில் விரல் மடக்கிக்கொண்டிருந்தான்.
ஒரு கை முடிந்து
மறு கைக்கு மாறுவதைப் பார்த்தேன்.
ஆறு. ஏழு.
எட்டில் யாரோ இருமினார்கள்.
அவன் எண்ணுவதை நிறுத்தவில்லை.