தீங்கு என்று வந்தால் நல்லது

தரமணியில் ஏசி எப்போதும் பதினெட்டில்தான் ஓடும்,
சர்வர்களுக்காக. எங்களுக்காக அல்ல.
துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு
மூன்றாவது நாளாக
ஓர் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ராயபுரத்துப் பெண். ஜெசிந்தா. வயது பத்தொன்பது.
பன்னிரண்டாம் குரோமோசோமில்
சி இருக்க வேண்டிய இடத்தில் டி.
அப்பா சவரிமுத்துவுக்கும் அதே டி.
அவருக்கு முப்பத்தொன்றில் வந்தது சர்க்கரை,
இவளுக்குப் பதினைந்தில்.

ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகிவிடும்?
கல்மண்டபத்தில் தள்ளுவண்டிக்காரர்
"வாயப்பயம், வாயப்பயம்" என்று கூவுகிறார்.
யாரும் பயந்ததில்லை.
சீப்பு சீப்பாக வாங்கிப் போகிறார்கள்.
ஆனால்
காலையில் ஒன்று கொள்ளவும் என்ற மருந்துச் சீட்டில்
ள நழுவி ல விழுந்தால்
கதை வேறு.

இது எந்த வகைப் பிழை?
அதைத்தான் மூன்று நிரல்களிடம் கேட்கிறேன்.
முதலாவது சொன்னது: தீங்கு, 0.91.
இரண்டாவது, எலி கோழி மீன் என்று
உயிர் உயிராக அந்த இடத்தைத் தேடிப் போய்
தவளையில்கூட மாறவில்லை, ஆகவே தீங்கு என்றது.
மூன்றாவது, தாங்கிக்கொள்ளும் என்றது.
எதை, யார் என்று சொல்லவில்லை.

உலகப் பட்டியலில் இந்த மாற்றமே இல்லை.
அரிது என்கிறது பட்டியல்.
தன்னிடம் ராயபுரமே இல்லை என்பதை
அது சொல்லாது.

ஷேர் ஆட்டோவை கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு
சவரிமுத்து உள்ளே வந்தார்.
"கெட்டதுன்னே வரணும்னு வேண்டிக்கினு இருக்கேன் மேடம்."
ஆமாம், அப்படித்தான்.
தீங்கு என்று உறுதியானால்
ஊசியை விட்டு மாத்திரைக்கு மாறிப் பார்க்கலாம் என்று
டாக்டர் சொல்லியிருந்தார்.
நாளுக்கு நாலு ஊசி.
புயலில் கரண்ட் போனால்
உறைந்துவிடாமல் துணி சுற்றி, இன்சுலினைக்
காசிமேட்டு ஐஸ் கடையில்
வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருகிறவள் அவள்.

நானும் வேண்டிக்கொண்டேன்.
எந்தச் சாமியிடம் என்று கேட்காதீர்கள்.
நிரலை மறுபடி ஓட்டினேன்.
0.91.

வீட்டில் சர்க்கரை இல்லாதவர் ஒருவர் வேண்டும் என்றோம்.
பெரியப்பா ஞானப்பிரகாசம் இருந்தார்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்,
அறுபத்தெட்டு.
ஒரு கையில் ரத்தம் எடுக்கக் கொடுத்துவிட்டு
மறு கையில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயோடு
"எனக்கு ஒண்ணும் கெடயாது, வேஸ்ட்டு" என்றார்.

மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு ஐந்து புள்ளி மூன்று.
அவருக்கும் டி.

அதே இடம், அதே எழுத்து.
அறுபத்தெட்டு வருடமாக அவர் உடம்பில்
அது வெறும் வாயப்பயமாகவே இருந்திருக்கிறது.

தீங்கு என்ற சொல்லை அறிக்கையிலிருந்து அழித்தேன்.
பொருள் தெளியவில்லை,
தீங்கற்றதாக இருக்கவே வாய்ப்பு
என்று தட்டினேன்.
நான் எழுதியதிலேயே மோசமான வரி அது,
படித்தால் நல்ல செய்தி போல இருக்கும்.

"அப்ப, என்னால வந்தது இல்லியா?"
"இந்த எழுத்தால் இல்லை" என்றேன்.
நாலு வருடமாக மகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவர்
அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல்
ஆட்டோ சாவியை விரலில் மாட்டிச்
சுற்றிக்கொண்டே இருந்தார்.

ஜெசிந்தாதான் கேட்டாள்,
"மீதி எழுத்தெல்லாம் பாத்துட்டீங்களாக்கா?"

முந்நூறு கோடி.
இல்லை, என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டுப்
பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.
எழுதுகிற பேனா இல்லை.
அளவைத் திருகினாள், டிக் டிக் டிக்.
மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருந்தது.