அஞ்சல் எண்

திரை கேட்கும் வரிசையிலேயே நானும் கேட்கிறேன்.
வயது ஐம்பத்திரண்டு. ஆண்.
புகை? "விட்டாச்சு, ஈஸ்டர் திங்களோடு."
அப்பாவுக்கு?
"நாற்பத்தொன்பதில். பேருந்து நிறுத்தத்தில்.
பை கிழிந்து உருளைக்கிழங்கெல்லாம்
தெருவில் உருண்டது."
நான் தட்டுவது 'ஆம்' மட்டும்.

பட்டை இறுகி, பெருமூச்சு விட்டு, இளகுகிறது.
நூற்று ஐம்பத்தெட்டு.
டெஸ்மண்ட் மெக்லேவி தன் கையைத்
திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்,
ஏதோ அது காட்டிக்கொடுத்துவிட்டதுபோல்.

கடைசிக் கட்டம்: அஞ்சல் எண்.
கொழுப்புக்கும் சர்க்கரைக்கும் பக்கத்தில்
ஒரு தெருவுக்கும் இடம் விட்டிருக்கிறது
இந்த நாட்டுக் கணக்கு.
கிளாஸ்கோவில் தலையெழுத்து
எண்ணும் கலந்த எழுத்து;
மின்கட்டண உறைமேல் அச்சாகி வரும்.

சொல்கிறார். தட்டுகிறேன்.
இருபத்தாறு.
உங்களைப்போல் நூறு பேர் இருந்தால், என்கிறேன்,
பத்து வருடத்துக்குள் இருபத்தாறு பேருக்கு
மாரடைப்போ பக்கவாதமோ.
"எங்கள் மாடியிலேயே அவ்வளவு பேர் கிடையாதே."

சிரிப்பு இருமலில் போய் முடிகிறது.
படுக்கையறை மூலையில் கறுப்புப் பூசணம்,
முதலில் ஸ்காட்லாந்துபோல இருந்ததாம்,
இப்போது தீவுகளும் முளைத்துவிட்டனவாம்.
வீட்டுவசதி அலுவலகத்துக்கு ஒன்பது கடிதம்.
அவர்கள் நெஞ்சில் இல்லாத ஈரமெல்லாம்
அவர் சுவரில் இருக்கிறது.

இரவில் ரொட்டித் தொழிற்சாலையில் தரை கழுவுகிறார்.
இந்த வாரம் எத்தனை மணிநேரம் என்பது
ஞாயிறு மாலை குறுஞ்செய்தியில் தெரியும்,
சில ஞாயிறுகளில் தெரியாது.
காய்கறி விற்ற கடை பந்தயக் கடை ஆகிவிட்டது.
பொரித்த மீன் மட்டும் கூப்பிடு தூரத்தில்.

இதற்கெல்லாம் கட்டம் இல்லை.
அல்லது அந்த ஏழு குறிகளுக்குள்ளேதான்
எல்லாவற்றையும் மடித்துத் திணித்திருக்கிறார்கள்.

செய்யக்கூடாதது. செய்தேன்.
அவர் எண்ணை அழித்துவிட்டு
ஆற்றுக்கு அந்தப்புறம்,
செர்ரி மரங்கள் வரிசையாய் நிற்கும்
என் அண்ணியின் தெருவை இட்டேன்.
அதே ரத்தம். அதே அப்பா. அதே உருளைக்கிழங்குகள்.
இருபது.

ஆறு பேர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

திரையைத் திருப்பிக் காட்டினேன்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.
"அந்த ஆறு பேரில் நான் உண்டா?"
கணக்கு பெயர் சொல்லாது, என்றேன்.
"வாடகையாவது சொல்லுமா?"

பழைய எண்ணை மறுபடி ஏற்றினேன்.
மாத்திரைச் சீட்டு அச்சுப்பொறியிலிருந்து
நாக்கு நீட்டியது.
கோட்டின் ஒரு கையை மாட்டிவிட்டிருந்தார்.
சும்மா கேட்டேன்: லிஃப்ட் ஓடுகிறதா?

"இரட்டைப்படை மாடிக்கு மட்டும்.
எனக்குப் பதினொன்று.
பத்தில் இறங்கி ஒரு மாடி ஏறுவேன்.
நடுவில் ஒரு ஜன்னல், கொஞ்சம் நிற்பேன்.
மழை இல்லாவிட்டால்
ஆற்றுக்கு அந்தப்புறம் வரை தெரியும்.
மூச்சுக்காக இல்லை.
காட்சிக்காகத்தான்."

வெளியே அடுத்தவர் தொண்டையைச் செருமினார்.
நான் கதவைச் சாத்தினேன்.

உட்காருங்கள், டெஸ்மண்ட்.
அந்த ஜன்னலைப் பற்றி
முழுசாகச் சொல்லுங்கள்.