இரண்டாவது டேக்

ஏழு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்றா மிஸ்.
சமூகச் செல்வாக்கு, மூன்றாம் அலகு,
குழுவுக்கு நான்கு பேர், இருபத்தைந்து புள்ளி.
புத்தகத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்,
கோடு அளக்கிறார்கள், பொத்தான் அமத்துகிறார்கள்.
நீங்கள் உங்கட தெருவில் எடுத்துக்கொண்டு வாங்க.

கல்லடிப் பழைய பாலத்துக்குப் போனோம்,
வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரை.
சப்றாஸ், டிலோஜினி, நிதுஷாந்தன்.
கமெரா என்னிடம்,
அதாவது டிலோஜினியின் அக்காவுடைய போன்.

முதலில் ஒத்துப்போதல்.
மூவரும் பாலத்துக் கம்பியில் காதை வைத்து நின்றார்கள்.
மீன் பாடுதாம்.
பட்டப்பகலில், பக்கத்துப் பாலத்து பஸ் ஹோர்னுக்கு நடுவில்,
நிலவில்லை, தோணியில்லை, தண்ணீருக்குள் துடுப்பில்லை.
பத்து நிமிடத்தில் பதினொரு காது கம்பியில்.
வங்கிக்காரர் ஒருவர் ஹெல்மெட்டோடு குனிந்து
'ஓம், ஓம், கேக்குது' என்றார்.
ஐஸ்பழம் சூப்பிய பொடியன் மட்டும்
'பொய்' என்றான்.
அம்மா தலையில் ஒரு தட்டு.
பிறகு அவனுக்கும் கேட்டது.
நான் சிரித்ததில் போன் ஆடியிருக்கிறது,
ஆனாலும் அந்தத் துண்டு நல்ல வடிவு.

அடுத்தது கீழ்ப்படிதல்.
காவலாளி மாமாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டான் சப்றாஸ்.
கையில் கிளிப்போர்ட், அதில் வெற்றுத் தாள்.
'இந்தப் பக்கம் வரிசையா வாங்க.'
அவ்வளவுதான் வசனம்.
யாராவது ஏன் என்று கேட்டால்
அங்கே வீடியோவை முடிப்பது என்று பேச்சு.

நண்டுக் கூடைக்காரி கேட்கவுமில்லை, நிற்கவுமில்லை,
'விலகு மனே' என்று இடித்துக்கொண்டு போனா.
மற்றவர்கள் நின்றார்கள்.

ஏழாவது ஆள் சைக்கிளால் இறங்கினார்.
ஸ்டாண்ட் போட்டார்.
சேர்ட் பைக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன்,
அதற்குள் இன்னொரு பொலித்தீன்,
அதற்குள் அடையாள அட்டை.
நாங்கள் கேட்கவில்லை.
நாலு பேரில் ஒருத்தரும் கேட்கவில்லை.
அவர் நீட்டினார், முகத்துக்கு அல்ல,
தொப்பிக்கு.
சப்றாஸ் வாங்கினான்.
திருப்பிப் பார்த்தான்.
தலையாட்டினான்.

தலையாட்டுவது என்றால் எங்கள் வீட்டில்
அப்பா பேச்சை மாற்றிவிடுவார்.
அது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.
அந்த நேரம் வந்தது வேறு:
வெயில் எதிரே, போகஸ் போய்விட்டது.

'அங்கிள், இன்னொருக்கா' என்றேன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை.
அட்டையை உள்ளே வைத்தார்.
முதல் பொலித்தீனை மடித்தார்,
மற்றதை மடித்தார்,
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போய்
ஏறி, வந்து,
இறங்கினார்.

பிறகு எல்லாம் விளங்கப்படுத்தினோம்.
இது படிப்புக்கு, நாங்கள் கம்பஸ் பிள்ளைகள்,
விருப்பமில்லையென்றால் இப்பவே அழிப்போம்.
சம்மதப் படிவத்தை டிலோஜினி நீட்டினாள்.
'எங்க வைக்க?'
வாசித்துவிட்டு வையுங்கோ என்றோம்.
அவள் விரல் கிடந்த இடத்தில் வைத்தார்,
முத்து முத்தான கையெழுத்து.
'இனிப் போகலாமா, சேர்?'
தொப்பியைக் கழற்றியிருந்த சப்றாஸ்
எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல்
வாவியைப் பார்த்தான்.

விடுதியில் இரவு வெட்டி ஒட்டினேன்.
எட்டு நிமிடம் பத்து விநாடி இருந்தது.
எதைக் குறைக்க?
மீன் கேட்டவர்களில் நாலு பேரை எடுத்தேன்,
தலைப்பைச் சின்னதாக்கினேன்,
கடைசியில்
என் குரலை எடுத்தேன்,
அது இரண்டு விநாடி கூட இல்லை.

வகுப்பில் போட்டார்கள்.
முன் வாங்கில் ஒருத்தி சிரித்தாள்,
உடனே மண்டபம் முழுக்க. நானும்.
பொலித்தீன் வெளியே வரும்போது
யாரோ சிரிப்பை நிறுத்தினார்கள்,
பிறகு மற்றவர்களும் நிறுத்தினார்கள்.
அதுவும் மூன்றாம் அலகுதான்.

இருபத்திரண்டு புள்ளி.
தாளின் ஓரத்தில் மிஸ் பென்சிலால் எழுதியிருந்தா:
அடையாள அட்டைக் காட்சி மிக இயல்பு.
நடித்தவர் யார்?