ஒரே தோட்டா

இரண்டுக்கும் சேர்த்து ஒன்று காட்டு என்கிறார்
நஞ்சேகௌடர்.
சக்லேஷ்பூர் தோட்டத்தில்
இரவெல்லாம் மண்ணைக் கிளறிப்போடும் பன்றிக்கு,
சர்ஜாபூர் வீட்டில்
இன்னும் வராத திருடனுக்கு.

கண்ணாடிப் பெட்டியின் இந்தப் பக்கம்
பத்தொன்பது வருடமாக நிற்கிறேன்.
ஒரு தடவைகூடச் சுட்டதில்லை.
ஆனாலும் எடை தெரியும்.
கண்ணை மூடி உள்ளங்கையில் வாங்கினால்
இது த்ரீ ஃபிஃப்டீன், இது ட்வெல்வ் போர்
என்று சொல்லிவிடுவேன்
வெங்காயம் நிறுக்கிறவன் மாதிரி.

பன்றிக்கு முதலில் ஃபாரஸ்ட் ஆபீஸ் காகிதம் என்றேன்.
வாங்கியாயிற்று,
பன்றிகளுக்குத்தான் இன்னும் தகவல் போகவில்லை என்றார்.
சாஃப்ட் நோஸ் எடுத்து வைத்தேன்.
மூக்கில் மட்டும் ஈயம் தெரியும்.
தோள் எலும்பில் பட்டால்
காளான் போல விரியும்.
"இதுவே வீட்டுக்கும் ஆகுமில்லையா?"

வீட்டுச் சுவர் என்ன கல் சார்?

சிரித்தார். பில்லைத் திருப்பிப் போட்டு வரைந்தார்.
வாசல், மாடிப்படி, ஒவ்வோர் அறைக்கும் ஒரு கட்டம்,
தான் நிற்கப்போகும் இடம்,
திருடனுக்கு ஒரு பெருக்கல் குறி.
தன்னிலிருந்து அவன்வரை ஒரு கோடு.
பேனா பெருக்கலில் நிற்கவில்லை.
கைப்பழக்கம்,
காகிதத்தின் ஓரம்வரை போய்விட்டது.
போன வழியில் ஒரு கட்டம்.
அதற்குள் அவரே முதலில் எழுதியிருந்தார்:
சிந்தூரி ரூம்.

"கிட்டத்தில் சுட்டால் வேகம் குறையுமில்லையா?"
"கிட்டத்தில்தான் சார் முழு வேகம்."

யாரோ ஏர்கன் பெல்லட் கேட்டு வந்தார்கள்.
கொடுத்துவிட்டுத் திரும்பினால்
கௌடர் மகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தார்.
வடக்கே தள்ளினார், அங்கே பூஜை அறை.
மாடிக்கு அனுப்பினார், கோடு சாய்ந்து பின்னாலேயே ஏறியது.
வேலைக்காரம்மாவின் அறையைப் பார்த்தார்,
கொஞ்சநேரம் பார்த்தார்,
அங்கே எதையும் வரையவில்லை.
கடைசியில் தன்னையே அழித்து
வாசலுக்கு வெளியே போய் நின்றார்.

இருபது வாங்கினார்.
தோட்டத்துக்கு மட்டும் என்றார், நான் கேட்காமலே.
லைசென்ஸ் புத்தகத்தில் எண்ணிக்கை எழுதி
முத்திரை குத்தினேன்.
கிரில் போடுகிற ஆள் தெரியுமா என்றார்.
தெரியும்.
ஃப்ரேசர் டவுன் சவரிராயன், நம்பர் கொடுத்தேன்.
படத்தை விட்டுவிட்டுப் போனார்.
குப்பையில் போட மனம் வரவில்லை.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஜோகுபாளையத்தில் என் வீடு
ஒரு ரூம், ஒரு கிச்சன்.
ராத்திரி படுத்தபடியே
சுவரில் விரல் மடக்கித் தட்டிப் பார்த்தேன்.
நாலு அங்குல ஹாலோ பிளாக்.
பெயரிலேயே சொல்லித்தான் விற்கிறார்கள்
உள்ளே ஒன்றுமில்லை என்று.

அந்தப் பக்கம் படுத்திருந்த அமலோற்பவம் அக்கா
உடனே திருப்பித் தட்டினார்.
"என்ன ஜெயசீலா, காவேரித் தண்ணி வந்துடுச்சா?"

இல்லை என்று நான் சொல்வதற்குள்
குடங்கள் உருளத் தொடங்கிவிட்டன.