மூன்று மணி வெயில்

"ஆயிரம் ஜன்னல் வீடா, ஆத்தங்குடியா?"
என்றார் ஆட்டோ அடைக்கலம்.
யுனிவர்சிட்டி என்றேன்.
"பிள்ளைக்கு அட்மிஷனா?"
இல்லை, கட்டடம் பார்க்க.
கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
சொன்ன வாடகையில்
இருபது ரூபாய் கூட்டிக்கொண்டார்.

தேக்கு இல்லை. பெல்ஜியம் கண்ணாடி இல்லை.
முட்டை வெள்ளையில் இழைத்த வழவழப்பு இல்லை.
காரைக்குடிச் செம்மண் பொட்டலில்
ஒரு சாம்பல் நிறம்
சாம்பலாகவே நிற்கிறது.
மேற்கு முகம் முழுக்க
செங்குத்தாய்க் கான்கிரீட் பலகைகள்,
பாதி விரித்த சீட்டுக்கட்டு.
புகைப்படத்தில் இன்னும் உயரமாக இருந்தது.

தூணைத் தொட்டேன்.
வார்ப்புக்கு அடித்த மரத்தின் வரி
சிமெண்டில் அப்படியே:
கணு, ரேகை, ஓர் ஆணித்தலை.
பலகையைப் பிரித்த அன்றே
யாரோ அடுப்பெரித்திருப்பார்கள்.
கைநாட்டு மட்டும் மிச்சம்.

இரண்டாம் மாடி, தேர்வுப் பிரிவு.
"ஒழுகுறதைப் பார்க்கத்தான் ஆள் வரும்.
நீங்க பி.டபிள்யூ.டி.யா?"
என்றார் உமையாள் மேடம்.
பையிலிருந்து பழைய வரைபடத்தின் நகலை விரித்தேன்.
சூரியனின் கோணம், மாதம், மணி,
எல்லாம் பென்சில் கோடு.
இந்த அறைக்குள் வெயில் நுழையவே கூடாது
என்கிறது கணக்கு.

"வருதே" என்றார்.
மேல் அறைக்கு ஏசி மாட்ட
ஒரு பலகையை உடைத்த வருஷத்திலிருந்து
மூணு மணிக்கு வருது,
நாலுக்குப் போயிரும்.
அதற்குள் மேஜையை நகர்த்திக்கொள்கிறார்.
தரையில் நான்கு கால்களின் கீறல்,
போகவும் வரவும்.
விட்ட இடத்தில், ஜன்னல் விளிம்பில்,
ரத்தான விடைத்தாள் உறையின் மேல்
மோர்மிளகாய் காய்கிறது.
ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து
"இன்னும் ரெண்டு நாள்" என்றார்,
என்னிடமா மிளகாயிடமா தெரியவில்லை.

கீழே வராந்தாவில்
சான்றிதழுக்கு நீள்வரிசை.
அண்ணாந்து
உடைந்த பலகையைத் தேடிக்கொண்டிருந்தேன்.
"அக்கா, வெயில்ல நிக்கிறீங்க, இப்படி வாங்க."

அப்போதுதான் பார்த்தேன்.
ஆளுக்கொரு பலகையின் நிழல்.
இருவருக்கு நடுவே
வெயிலுக்கு ஓர் ஆள் இடம்.
யாரும் கோடு போடவில்லை,
யாரும் மேலே பார்க்கவுமில்லை.
முன்னால் நிற்பவன் நகர்ந்தால்
ஒரே எட்டில் வெளிச்சத்தைத் தாண்டி
அடுத்த நிழல்.

நானும் ஒன்றில் நின்றேன்.
தாண்டினேன். நின்றேன். தாண்டினேன்.
வரைபடத்தில் இல்லாத ஏதோ ஒன்றைக்
கால் எண்ணிக்கொண்டே போனது.

கவுண்டரில் கை நீண்டது:
"சலான் எங்கம்மா?"